படிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு வகுப்பறையிலும் பொதுத்தேர்விலும் சலுகைகள்: முழுமையான வழிகாட்டி

பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் வாங்கிய பிள்ளைகளில் சிலர் அந்த நேரத்தைச் சும்மா உட்கார்ந்தே கழித்துவிடுகிறார்கள். 1.15-க்கு மணி அடித்து மற்றவர்கள் எழுந்து போனதும் இவர்களுக்கும் கை ஓடுவதில்லை. சொல்வதை எழுத ஓர் ஆசிரியரை உட்கார வைத்தால், முன்பின் தெரியாத அவர் முன்னால் வாயே திறக்காத பிள்ளையும் உண்டு. அரசு ஆணையில் குறை இல்லை, ஹெச்.எம். கையெழுத்திலும் குறை இல்லை. வகுப்பறையில் ஒருநாளும் செய்து பார்க்காத ஒன்றைத் தேர்வு மையத்தில் முதல்முறையாகச் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் விண்ணப்பப் படிவம் நடுவில்தான் வரும். அதற்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டியவைதான் அதிகம். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சி.பி.எஸ்.இ. வேறுபடும் சில இடங்களையும் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் தொடங்கினால் நல்லது. ஒன்பதில் தொடங்கினாலும் சமாளிக்கலாம். பத்தாம் வகுப்பு டிசம்பரில் தொடங்கினால் காகிதம் வேண்டுமானால் கைக்கு வரும்.

எங்கே தடுக்கிறது?

'மெல்லக் கற்போர்' பட்டியல் இல்லாத பள்ளி கிடையாது. காலாண்டில் 35-க்குக் கீழே எடுத்தவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பத்துப் பேர் இருந்தால் காரணம் பத்தாக இருக்கும். ஒருவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. ஒருத்திக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. ஒருவன் ஐந்தாம் வகுப்பு முழுக்கப் பள்ளிக்கே வரவில்லை. ஒருத்தி வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிறாள், பாடத்தமிழ் அவளுக்கு இன்னொரு மொழி. இவர்களோடு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளையும் உட்கார்ந்திருப்பான். எல்லாருக்கும் ஒரே கையேட்டைக் கொடுத்து மாலையில் சிறப்பு வகுப்பு வைப்பதால்தான் பாதிப் பேருக்குப் பலன் இல்லாமல் போகிறது.

வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை. சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளையையே படிக்கச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்த பக்கத்தை நீங்கள் படித்துக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். பிறகு, வாயால் சொன்ன பதில்களில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் படித்தபோது டக் டக்கென்று பதில் வந்து, தானே படித்தபோது வரவில்லை என்றால் தடை வாசிப்பில் இருக்கிறது. நான்கு வரி அழகாகச் சொல்லிவிட்டு அரை வரி எழுதினால் தடை எழுத்தில். இரண்டு விதத்திலும் புரியவில்லை என்றால் மொழியோ, பாட அடிப்படையோ, வேறு ஏதோ ஒன்று. இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று இல்லை. யாரிடம் போவது, என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள உதவும்.

தமிழில் எழுதுவதைப் பார்த்தும் நிறையத் தெரியும். ல, ள, ழ மாறுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அதில் தடுமாறாத வகுப்பே இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. ஏழாம் வகுப்பிலும் மெய்யெழுத்துப் புள்ளி வரிக்கு நான்கு விடுபடுகிறதா? 'கொ' எழுதும்போது கொம்பும் காலும் எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பது குழப்பி 'கெர' என்று முடிகிறதா? ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறானா? 'பட்டம்' என்பதை 'ப... ட்... ட... ம்' என்று கூட்டிவிட்டு, அடுத்த வரியில் அதே சொல்லை மறுபடி கூட்டுகிறானா? இவையெல்லாம் சேர்ந்து, நேரில் பேசினால் விவரமாகப் பேசுகிற பிள்ளையிடம் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம்.

தாமதம் எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரை ஆல்-பாஸ். அது நல்ல ஏற்பாடுதான், எனக்கு அதில் புகார் இல்லை. ஆனால் யாரும் கூர்ந்து பார்க்காவிட்டால் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அதுவரை 'கவனக் குறைவு', 'விளையாட்டுப் புத்தி' என்றே ரேங்க் கார்டு சொல்லிக்கொண்டிருக்கும்.

சான்றிதழ்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் ஒன்று. வாசிப்பில் வரும் டிஸ்லெக்சியா, எழுத்தில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் இதற்குள் அடங்கும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கு ஆகியவற்றுக்கு வழி செய்ய வேண்டும் என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளியில் பேசும்போது இந்தப் பிரிவைச் சொல்லிப் பேசுங்கள். 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்' என்று கெஞ்சத் தேவையில்லை.

முதலில் கண், காது. இதைத் தாண்டி எதுவும் தொடங்காது, தொடங்கவும் கூடாது. பிறகு குழந்தைகள் நல மருத்துவர், அதன் பின் உளவியலாளர். மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைப்படி ஐ.க்யூ. என்ற நுண்ணறிவு அளவு 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்குப் போவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு அதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் தருவதில்லை. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும். 18-இல் தருவது ஆயுளுக்கும் செல்லும். பல பெற்றோர் இந்த 14-ஐ மறந்துவிடுகிறார்கள். நான்காம் வகுப்பில் வாங்கிய சான்றிதழைப் பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டு, திரும்பி வந்ததும் கடைசி நேரத்தில் ஓடுகிறார்கள்.

எங்கே போவது? அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் தொடங்குங்கள். வட்டார அளவில் நடக்கும் மருத்துவ முகாம் எப்போது என்று அவருக்குத்தான் தெரியும். தனியார் பள்ளி என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை விசாரியுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் சென்னையில் உண்டு. தனியார் உளவியலாளர் தரும் அறிக்கை பிள்ளையைப் புரிந்துகொள்ள மிகவும் பயன்படும், ஆனால் பொதுத்தேர்வுக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அரசு மருத்துவரின் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

40 சதவீதக் கணக்கு ஒன்று எல்லாரையும் குழப்பும். உயர்கல்வி இடஒதுக்கீட்டுக்குச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆனால் எழுத உதவியாளர் வேண்டும் என்பதற்கு அந்த 40-ஐ நிபந்தனையாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் குடிமைப் பணித் தேர்வு எழுதியவர், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ளவர். சான்றிதழில் 30 சதவீதம் என்று வந்துவிட்டதே என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை

இங்கே சான்றிதழ் தேவையில்லை. யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆசிரியர் மனம் வைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.

வாசிப்பில் தடை உள்ள பிள்ளையைத் திடீரென்று எழுப்பி வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். படிக்க வைக்க வேண்டும் என்றால் முந்தைய நாளே பத்தியைச் சொல்லி அனுப்புங்கள். அம்மாவோ அக்காவோ பாடத்தைப் படித்துப் போனில் பதிவு செய்து கொடுத்தால், அதைக் கேட்டுக்கொண்டே புத்தகத்தில் விரல் வைத்துத் தொடரலாம். பெரிய செயலி எதுவும் வேண்டாம்.

எழுத்தில் தடை உள்ள பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே பாதிப் பாடவேளையை இழக்கிறது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டை நகலெடுத்துக் கொடுங்கள். ஐந்து வினாவில் இரண்டை எழுதட்டும், மூன்றை வாயால் சொல்லட்டும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள்: 'ஒளிசேர்க்கை' என்று ஒற்று விட்டு எழுதியவனுக்கும் ஒளிச்சேர்க்கை தெரியும். அப்புறம் இந்த இம்போசிஷன். தப்பாக எழுதிய சொல்லை ஐம்பது தடவை எழுதச் சொன்னால், ஐந்தாவது தடவைக்கு மேல் அவன் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. மேலிருந்து கீழாக முதலில் எல்லா 'ப'வும், பிறகு எல்லா 'ட்'டும் போட்டு நிரப்புகிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள்.

கணக்கில் தடை இருந்தால் கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். ஒன்று, பத்து, நூறு இடம் மாறிப் பெருக்கல் தப்பாவது இதிலேயே பாதி குறையும். வாய்ப்பாடு அட்டை மேசையில் இருக்கட்டும். பிள்ளைக்குக் கணக்கின் வழி தெரிகிறதா என்பதுதான் கேள்வி, ஏழெட்டு எவ்வளவு என்பது வேறு கேள்வி.

கவனம் சிதறும் பிள்ளைக்கு முன் வரிசை இடமும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளையும். 'புத்தகத்தை எடு, 43-ஆம் பக்கம், மூன்றாவது கணக்கு, முதல் இரண்டு படி மட்டும்' என்று ஒரே மூச்சில் சொன்னால் அவன் காதில் புத்தகம் மட்டும்தான் விழுந்திருக்கும்.

'ஒருத்தனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவர்கள் கேட்க மாட்டார்களா?' என்று ஆசிரியர் அறையில் ஒரு குரல் வரும். கேட்பார்கள், ஒரு வாரம். கண்ணாடி போட்ட பிள்ளையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை அல்லவா?

வினாத்தாளை மாற்றுவது

ஸ்லிப் டெஸ்ட், மாதத் தேர்வு வரை வினாத்தாள் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. பாடத்தைக் குறைக்காமல் கேட்கும் விதத்தை மாற்றலாம். 'பல்லவர் காலக் கட்டடக்கலையின் சிறப்புகளை விவரி' என்று ஐந்து மதிப்பெண் வினா இருக்கிறது. அதையே இப்படிக் கேட்கலாம்: பல்லவர் கட்டடக்கலையின் வகைகள் யாவை? குடைவரைக் கோயில் ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் எந்த வகை, ஏன்? அதே பாடம், அதே ஐந்து மதிப்பெண். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு மூன்று கைப்பிடி கிடைத்துவிட்டது.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். பொருத்துக பத்து வரி இருந்தால் ஐந்தைந்தாகப் பிரியுங்கள். பொதுத்தேர்வில் இப்படி எதுவும் இருக்காது என்பதால் ஒன்பதாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் இருந்து மெல்ல வழக்கமான தாளுக்குக் கொண்டுவர வேண்டும். நீளமான வினாவைத் தானே மூன்றாக உடைத்துக்கொள்ள அதற்குள் பழகியிருப்பான்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் மெல்லக் கற்போருக்கு எல்லாப் பள்ளியிலும் ஒரே அறிவுரை: 'செய்முறை வடிவியலும் வரைபடமும் போடு, 16 மார்க் உறுதி, ஒரு மதிப்பெண் 14-ஐச் சேர்த்தால் பாஸ் பக்கத்தில் வந்துவிடுவாய்.' பலருக்கு இது சரியான அறிவுரைதான். ஆனால் காம்பஸைப் பிடிக்கவே சிரமப்படும் பிள்ளைக்கு அந்த 16 மார்க்தான் தாளிலேயே கடினமான பகுதி. அவனுக்கு இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்களில் படி படியாக எழுதும் இயற்கணிதமே எளிது. எங்கே தடுக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

பொதுத்தேர்வு விண்ணப்பம்

மாநிலப் பாடத்திட்டத்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு, கணக்கீட்டுக் கருவி (கால்குலேட்டர்) ஆகிய சலுகைகள் உண்டு. தனித்தனியாகக் கேட்க வேண்டும், தானாக வராது. விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் துறைக்குப் போகும். பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் நேரத்தில் இது சேர்ந்துவிட வேண்டும், எனவே பத்தாம் வகுப்பு ஜூன் மாதத்திலேயே ஹெச்.எம்.மிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் கூடுதல். இரண்டு மணி நேரத் தாள் என்றால் 40 நிமிடம். அங்கே பள்ளி தன் உள்நுழைவு மூலம் வாரியத்துக்கு விவரத்தை ஏற்ற வேண்டும், ஏற்றிவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

நான்கும் இருக்கிறதே என்று நான்கையும் கேட்காதீர்கள். வாசிப்பில் மட்டும் தடை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றால் சொல்வதை எழுதுபவர் அவனுக்கு இடைஞ்சல். கணக்கின் வழியே புரியாதவனுக்குக் கருவி கொடுத்துப் பயனில்லை, அது கூட்டிப் பெருக்கித் தருமே தவிர எதைக் கூட்டுவது என்று சொல்லாது. மொழி விலக்கு வாங்குமுன் ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். பிள்ளை அடுத்துச் சேர நினைக்கும் படிப்பும் வேலையும் அந்த மொழி மதிப்பெண்ணைக் கேட்குமா என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 35 எடுக்க வாய்ப்பு இருக்கிறது என்றால் விலக்கை விட்டுவிட்டு கூடுதல் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

சொல்லிப் பழகுவது

சொல்வதை எழுதுபவர் கிடைத்தால், அவருக்குச் சொல்வது ஒரு தனித் திறமை. கணக்கில் இது பளிச்சென்று தெரியும். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைப் பிள்ளை மனப்பாடமாக 'மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பை டூ ஏ' என்று ஒப்பிக்கிறான். எழுதுபவர் அந்தப் பாடத்தின் ஆசிரியராக இருக்க மாட்டார். '4ac'க்குக் கீழே மட்டும் கோடு போட்டு 2a எழுதிவிட்டால் விடை போச்சு. ரூட் எதுவரை நீள்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. இப்படிச் சொல்லப் பழக்குங்கள்: 'நீளமா ஒரு கோடு போடுங்க. கோட்டுக்கு மேல மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ், ரூட். ரூட்டுக்குள்ள பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, ரூட் முடிஞ்சுது. கோட்டுக்குக் கீழ டூ ஏ.' அப்புறம், 'காட்டுங்க சார்' என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மொழித்தாளிலும் பாடங்களிலும் சொல்ல வேண்டிய கட்டளைகள் சில: தலைப்பு போடுங்க, அடிக்கோடு, அடுத்த பத்தி, இந்த வரியை அடிச்சிடுங்க, இந்தக் கேள்விக்கு அரைப் பக்கம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. எல்லாவற்றையும்விட முக்கியமானது, 'இன்னொரு தடவை படிங்க டீச்சர்.' இதைக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைதான் பாதிக் கேள்வியை விட்டுவிட்டு வருகிறது. அம்மாவிடம் சொல்லிப் பழகுவது முதல் மாதத்துக்குப் போதும். காலாண்டுக்குள் வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவரை, முடிந்தால் பிள்ளைக்குப் பழக்கமே இல்லாதவரை உட்கார வைக்க வேண்டும். அவர் விடையைத் திருத்தவோ எடுத்துக்கொடுக்கவோ கூடாது, முகத்தாலும் கூட.

கூடுதல் நேரத்துக்கும் பயிற்சி வேண்டும். 10.00-க்கு வினாத்தாள் வாசிக்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15-க்கு எழுதத் தொடங்கினால் 2.15 வரை. நான்கு மணி நேரம் ஓரிடத்தில் உட்காருவது பெரியவர்களுக்கே கஷ்டம். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு எல்லாவற்றிலும் அந்த ஒரு மணி நேரத்தைப் பள்ளி உண்மையாகவே கொடுக்க வேண்டும். பல இடங்களில் 'பொதுத்தேர்வில் கிடைக்குமே, இப்போ எதுக்கு' என்று 1.15-க்கே தாளை வாங்கிவிடுவார்கள், கண்காணிக்க ஆள் இல்லை என்பார்கள். இதில் பெற்றோர் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கத்தான் வேண்டும். நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள்: முதல் மூன்று மணி நேரத்தில் முழுத் தாளையும் ஒரு சுற்று, கடைசி ஒரு மணி நேரத்தில் விட்டுப்போன வினாக்களும் சரிபார்ப்பும். மணி அடித்து வராந்தாவில் சத்தம் வரும்போது பேனாவை வைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துத் தொடர்வது என்று முன்பே சொல்லி வைத்தால் அந்த இடைவெளியில் மனம் உடைவதில்லை.

தேர்வு நாளன்று அனுமதிக் கடிதத்தின் இரண்டு நகலைக் கையில் வைத்திருங்கள். முதல் தேர்வுக்கு முந்தைய நாள் மையத்துக்குப் போய் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் தகவல் வந்திருக்கிறதா, அறை எது, தரைத்தளமா என்று கேட்டுவிடுங்கள். காலைச் சாப்பாடு இட்லியோ சாதமோ வயிறு தாங்குகிற மாதிரி இருக்கட்டும். 2.15 வரை பசி தெரியக் கூடாது.

சான்றிதழுக்குள் வராத பிள்ளை

ஐ.க்யூ. 70-க்கும் 85-க்கும் நடுவில் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கற்றல் குறைபாடு என்று எழுத முடியாது, அறிவுத்திறன் குறைபாடு என்றும் எழுத முடியாது. பொதுத்தேர்வுச் சலுகை எதுவும் இவர்களுக்குக் கிடைக்காது. உண்மையில் மெல்லக் கற்போர் என்றால் இவர்கள்தான், சட்டத்தின் கண்ணில் படாதவர்களும் இவர்கள்தான். இவர்களுக்கு வகுப்பறை ஏற்பாடுகளும் மாற்றிய வினாத்தாளும் மட்டுமே வழி. குறைந்த பாடப்பகுதியை நிறைய தடவை, சிறிய இடைவெளியில் திரும்பப் படிப்பது பலன் தரும். இன்று படித்ததை நாளையும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் ஐந்து நிமிடம் கேட்டாலே போதும்.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியை (என்.ஐ.ஓ.எஸ்.) பாருங்கள். ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஒரு மொழி இருந்தால் போதும். கணக்கைத் தவிர்த்து வேறு பாடம் எடுக்க முடியும். ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். ஆனால் பிள்ளை நண்பர்களையும் பள்ளி நாளையும் இழக்கிறது, வீட்டில் உட்கார்ந்து படிக்க வைக்க ஒருவர் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 'ரிசல்ட் கெட்டுப்போகும், டி.சி. வாங்கிட்டு அங்க சேத்துடுங்க' என்று பள்ளி சொல்வதற்காக மட்டும் போகாதீர்கள். அந்த முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் கோப்பைப் பரணில் போட வேண்டாம். சான்றிதழ், அடையாள அட்டை, அனுமதிக் கடிதம் எல்லாம் பன்னிரண்டாம் வகுப்புக்கு மறுபடி தேவைப்படும். கல்லூரிக் கலந்தாய்வு நேரத்தில் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகியிருந்தால் மறுமதிப்பீட்டுக்கு முன்கூட்டியே நாள் வாங்கிவிடுங்கள். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு அங்கே அந்த 40 சதவீதம் கேட்பார்கள்.